கண்ணுக்கு எட்டாத மஞ்சள்

கேள்வி: டேபியின் விண்மீன் மஞ்சள் கலந்த வெண்ணிறம் கொண்டது என்று படித்தேன். என் 6 அங்குலத் தொலைநோக்கியில் தேடிப் பிடித்தபோது நிறமே இல்லாத புள்ளியாகத் தெரிந்தது. வேறு எதையோ பார்த்துவிட்டேனா?

பதில்: நிறம் தெரியவில்லை என்பதற்காக ஐயப்பட வேண்டாம். இதன் தோற்றப் பொலிவெண் 11.7 (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்), வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடவும் ஏறத்தாழ 190 மடங்கு மங்கலானது. இவ்வளவு குறைந்த ஒளியில் நம் விழித்திரையின் நிறமறியும் செல்கள் செயல்படுவதில்லை. இடம் சரிதானா என்று பார்க்க, அன்ன விண்மீன் குழுவில் டெனெப், டெல்டா சிக்னி ஆகிய பிரகாசமான விண்மீன்களுக்கு இடையிலுள்ள என்.ஜி.சி. 6866 என்ற விண்மீன் கொத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வடகிழக்கே சுமார் அரை பாகை தள்ளி இவ்விண்மீன் இருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் வடவானில் உச்சத்தில் நிற்கும்.

எஃப் என்ற மஞ்சள் கலந்த வெண்ணிற விண்மீன் வகையைச் சேர்ந்த இவ்விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 6,750 கெல்வின். சூரியனைவிட ஏறக்குறைய ஆயிரம் கெல்வின் கூடுதல். தொலைவு 1,400 ஒளியாண்டுகளுக்கு மேல்.

இத்தனை மங்கலான விண்மீன் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம், கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளில் இதன் ஒளி 2011இல் சுமார் 15 விழுக்காடும் 2013இல் சுமார் 22 விழுக்காடும் திடீரெனக் குறைந்திருந்ததுதான். சூரியன் அளவுள்ள விண்மீனை வியாழன் போன்ற கோள் மறைத்தால்கூட 1 விழுக்காடுதான் குறையும். ஒழுங்கற்ற இந்தச் சரிவுகளை முதலில் கவனித்தவர்கள் கணினித் திரையில் விண்மீன்களின் ஒளி மாற்றத்தைக் காட்டும் வரைபடங்களைப் பொறுமையாகப் பார்த்துவந்த தன்னார்வலர்கள் என்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது. வானியலாளர் டபேதா (டேபி) போயாஜியன் குழுவினர் 2015இல் இதை வெளிக்கொணர்ந்தபோது, வேற்றுலகவாசிகளின் கட்டுமானமோ என்ற பேச்சுகூட எழுந்தது.

உங்கள் கண்ணுக்கு எட்டாத அந்த நிறமே விடைக்கு வழிகாட்டியது. 2017இல் ஒளி மீண்டும் சரிந்த சமயத்தில் பல நிற வடிகட்டிகள் வழியாக அளந்தபோது, நீல ஒளி சிவப்பு ஒளியைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. திண்மையான பொருள் மறைத்திருந்தால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் குறைந்திருக்கும். ஆகவே மறைப்பது நுண்ணிய தூசு என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

2017இன் சரிவுகள் ஓரிரு விழுக்காடு அளவே இருந்ததால், கண்ணால் ஒப்பிட்டு அவற்றைப் பிடிக்க இயலாது. உங்கள் தொலைநோக்கியில் கேமரா பொருத்தி, அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, ஒரே வடிகட்டியில் தொடர்ந்து அளந்துவாருங்கள்.