புல்தரைக்கு எந்தக் கரண்ட்?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். போர்வெல்லில் இருக்கும் 10 ஹெச்.பி. மோட்டார் குளத்தை நிரப்புகிறது. குளத்திலிருந்து ஸ்பிரிங்ளருக்குப் புதிதாக 20 ஹெச்.பி. மோட்டார் போடப்போகிறோம். மின்கம்பம் 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. முதலாளி சோலார் என்கிறார், எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் என்கிறார், பக்கத்துத் தோட்டத்து இலவச சர்வீஸிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்கிற ஆளும் இருக்கிறார். எதில் பணத்தைப் போடுவது?

பதில்: கடைசி ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள் சார். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பில் கோல்ஃப் புல்லுக்குத் தண்ணீர் விட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், தோட்டக்காரருக்கும் சேர்த்து வம்பு.

சரி, சோலார். ஸ்பிரிங்ளர் ஓடுவது ராத்திரியிலும் விடியற்காலையிலும்; பகலில் ஆட்டம் நடக்கும், காற்றிலும் வெயிலிலும் தண்ணீரும் வீணாகும். ஸ்பிரிங்ளர் ஓடும் நேரத்தில் பேனல் தூங்கும். ஆனால் போர் மோட்டார் பகலில் ஓடலாமே? அதைச் சோலாருக்கு மாற்றுங்கள், குளமே உங்கள் பேட்டரி. முதலாளி சொன்னதில் பாதி சரி.

20 ஹெச்.பி.க்கு ஈ.பி. த்ரீ பேஸ்தான், வணிக இணைப்பாக. இங்கே எல்லோரும் கோட்டைவிடுவது கேபிளில். இந்த மோட்டார் சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். 16 சதுர மி.மீ. அலுமினிய கேபிளை 600 மீட்டர் இழுத்தால் வழியிலேயே 45 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், 415 என்பது 370-க்கு வந்து நிற்கும், மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுத்துச் சூடாகும், அப்புறம் காயில் கட்டுகிற கடைக்கு நடையோ நடை. என் மச்சான் தோட்டத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை காயில் போனது. இரண்டு முறையும் மோட்டாரைத்தான் திட்டினார். 50 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 16 வோல்ட்டோடு நிற்கும். விலை கசக்கும்தான்.

ஸ்டார்ட்டருக்குப் பதில் வி.எஃப்.டி. வாங்குங்கள், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். இதில் மெதுவாகக் கிளம்பும். மூன்று ஸ்பிரிங்ளர் திறந்தாலும் பத்து திறந்தாலும் பிரஷரை ஒரே அளவில் வைத்திருக்கும், குழாயும் வெடிக்காது. பெட்டியைக் குளத்தோரம் மோட்டார் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கம்பத்தடியில் வைத்து 600 மீட்டர் இழுத்தால் மோட்டார் காயிலின் இன்சுலேஷன் கெடும். ஓசூரில் பசுமைக்குடில் ரோஜா போட்டிருப்பவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதில் அடிபட்டுத் தேறியவர்கள்.

ஜெனரேட்டர் அவசரத்துக்கு மட்டும். வி.எஃப்.டி. இருந்தால் 30 கே.வி.ஏ. பக்கம் போதும், அதையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். புல் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும்.

மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், நாலைந்து நாள் சாயங்காலம் ஏழு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் கம்பத்தடியில் மூன்று பேஸுக்கும் இடையே வோல்டேஜ் அளந்து எழுதி வையுங்கள். 390-க்குக் கீழே இறங்கினால் முதலில் ஈ.பி. ஆபீஸ், அப்புறம்தான் மோட்டார் கடை.