பொறுப்பில் இருப்பவர்களின் ஓய்வு: கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் 31 ஆண்டு வேலை பார்த்தேன், அதில் 18 ஆண்டு மேலாளராக. இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஓய்வு பற்றி என்னிடம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

குன்னூர், தொழிற்சாலை மேலாளர்: ஐயா, அக்டோபரில் இலை வரத்து கூடும்போது இரவு நாலு தடவையாவது போன் வருகிறது. அணைத்து வைத்தால் பயத்திலேயே தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

தம்பி, பச்சை இலை சாயங்காலம் வந்து, இரவெல்லாம் டிரஃப் என்ற நீளத் தொட்டியில் வாடி, விடிவதற்கு முன் இலையை நொறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்துக்குப் போகிறது. நம் தொழிலில் முடிவெடுக்கும் நேரமே இரவுதான். அதற்காகத்தான் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் இருக்கிறார். அவரை நம்பாமல் நானும் பல வருடம் ஓட்டினேன்.

ஓர் அக்டோபரில் மழை விடாத வாரம். மூன்று இரவும் சேர்த்து ஆறு மணி நேரம்கூட நான் தூங்கவில்லை. நாலாம் நாள் அதிகாலை டிரையர் பக்கம் நின்றேன். டிரையர் பார்க்கும் அண்ணன் ஒரு கைப்பிடித் தூளை என் மூக்கருகே நீட்டி, "சார், கருகல் வாசம் வருது, சூட்டைக் குறைக்கலாமா?" என்றார். எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. "உன் வேலையைப் பார்" என்றேன். விடிந்தபின் கோப்பையில் ஊற்றிச் சுவைத்தால் நாக்கில் ஒட்டுகிறது கருகல். அந்த இரவின் தூளை முழுக்க ஒதுக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், அதற்கப்புறம் ஒரு வருடம் அந்த அண்ணன் என்னிடம் எதையும் தானாக வந்து சொல்லவில்லை.

பிறகு நான் செய்தது இதுதான். ஆபீஸ் பலகையில் எழுதி வைத்தேன்: தீ, ஆளுக்குக் காயம், ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இலை நிற்பது. இந்த மூன்றுக்கு மட்டும் என்னை எழுப்பலாம். மற்றதெல்லாம் டீ மேக்கர் முடிவு. முக்கியமானது அதற்கு அடுத்தது. காலையில் போய் அவர் எடுத்த முடிவைக் குறை சொன்னால், அன்றிரவே மறுபடி போன் வரத் தொடங்கும். எனக்கு அந்த வாயடக்கம் வர இரண்டு மாதம் ஆனது.

இன்னொன்று: தூங்காத இரவுக்கு மறுநாள் மலைப்பாதையில் வண்டி ஓட்டாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 0.03.

கூடலூர்: தூக்கத்துக்கு எந்த மாத்திரை நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

ஊட்டி, பள்ளித் தலைமை ஆசிரியை: ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்தால் குற்றவாளி போல இருக்கிறது. ஓய்வு எடுக்கத் தகுதி வருவதற்கு எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்?

டீச்சர், நீங்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை கவாத்து வெட்டுவோம். வெட்டினால் இலையே இருக்காது. வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை வைத்துத்தான் செடி மறுபடி துளிர்க்க வேண்டும். அதனால் வெட்டும் முன் பென்சில் தடிமனில் ஒரு வேரை எடுத்து, குறுக்கே நறுக்கி, அயோடின் ஒரு சொட்டு விடுவோம். நீலக் கறுப்பாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் அந்தத் தேயிலைக் காட்டில் சில வாரம் கொழுந்து கிள்ளாமல் செடியைச் சும்மா விட வேண்டும். பார்க்கிறவருக்கு அது வீணாகும் இலை. இந்த ஓய்வு தராமல் வெட்டிய காட்டில் கிளைகள் காய்ந்து, சில செடிகள் செத்தே போனதை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சை மாதத்துக்கு முன்னால் எடுக்கும் ஓய்வுதான் பரீட்சை மாதத்தைத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை தைரியமாக உட்காருங்கள்.

கொடைக்கானல், விடுதி மேலாளர்: ஏப்ரல், மே சீசனில் ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியாது. நான் எப்போது ஓய்வெடுப்பது?

சீசனில் முழு நாள் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் ஒரு குறிப்பிட்ட மணிக்கு வரவேற்பு மேசையை இன்னொருவரிடம் விட்டுப் போக முடியும். சீசன் முடிந்ததும் எடுக்கும் பத்து நாளை ஜனவரியிலேயே முதலாளியிடம் எழுதி வாங்கிவிடுங்கள். மே கடைசியில் கேட்டால் கிடைக்காது. அந்தப் பத்து நாள் லீவுக்கு மலையிலிருந்து இறங்கும்போது முதல் நாளே வண்டி எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

கோத்தகிரி, ஐ.டி. குழுத் தலைவர்: இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னாரே?

அவர் கருத்து அது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு வேறு: வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. மேற்பார்வையிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்களை அந்த வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. மேலாளரின் வேலை நேரத்துக்கு அவரேதான் கோடு போட வேண்டும்.

குன்னூர், இன்னொருவர்: இரவில் போன் வந்தால் எடுக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: என் அம்மா 26 வருடம் கொழுந்து பறித்தார். அவருக்கு ஓய்வு வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள் துரைமார் தூக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள்.

அம்மா, நீ கேட்டது நியாயம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளையும் கொடுத்தது. அந்த அரை மணி தேயிலைக் காட்டில் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும், நானே காணாமல் போக்கியிருக்கிறேன். சீக்கிரம் வேலையை முடித்துப் படுக்க வேண்டும் என்ற அவசரத்தில் லாரியை முன்கூட்டி அனுப்புவேன். எடை போடுவது முன்னால் வரும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவர்கள் மூடிவிட்டு மூட்டையைத் தூக்குவார்கள். ஓய்வில்லாத மேலாளர் தனக்குக் குறைந்த நேரத்தைக் கீழே இருப்பவர்களிடமிருந்துதான் எடுக்கிறார். அதனால்தான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

தோட்ட அதிகாரி ஒருவர் இடையில்: லாரி தாமதமானால் இலை மூட்டையிலேயே சூடேறிச் சிவந்துவிடும். வரத்து அதிகமான நாளில் இடைவேளை பார்க்க முடியாது.

முடியும் சார். இலை சூடேறுவது அமுக்கி அடைப்பதாலும் வெயிலில் வைப்பதாலும்தான். வலைப் பையில் தளர்வாகப் போடுங்கள், நிழலில் வையுங்கள், லாரியை ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை விடுங்கள். டீசல் செலவு கூடும். அது நிர்வாகம் தர வேண்டிய செலவு. அந்தப் பெண்களின் சாப்பாட்டு நேரத்தில் அதை ஈடுகட்டக் கூடாது.

அதே மாணவி: துரை நன்றாகத் தூங்கினால் அம்மாவுக்கு அரை மணி தானாக வந்துவிடுமா?

வராது. மேலாளர் தூங்குவது ஒரு பாதி. இடைவேளை நேரத்தைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரிலேயே அறிவித்து, அந்த நேரத்தில் தராசைப் பூட்டி வைப்பது மறு பாதி. தராசு பூட்டியிருந்தால் யாரும் யாரையும் எழுப்ப முடியாது. என் கடைசி ஆறு வருடம் அப்படித்தான் நடந்தது. முன்பே செய்திருக்க வேண்டும். உன் அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்.

மஞ்சூர்: போன் தொல்லைக்கு ஏதாவது வழி?

மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். பலகை, மூன்று காரணம், காலையில் வாயடக்கம். முதல் பதிலில் இருக்கிறது.

டீ மேக்கர், ஊர் வேண்டாம்: எங்கள் மேலாளர் லீவே எடுப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கும் வந்து நிற்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

ஒரே ஓர் இரவைக் கேளுங்கள். "சார், இந்தச் சனிக்கிழமை இரவை என்னிடம் விடுங்கள்" என்று. வாட்டம், டிரையர் சூடு, எடை எல்லாவற்றையும் மணிக்கு மணி நோட்டில் குறித்து வையுங்கள். காலையில் அவர் வந்ததும் நோட்டையும் அந்த இரவின் தேநீரையும் அவர் மேசையில் வையுங்கள். அவர் குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசாதீர்கள். அப்புறம் அடுத்த சனிக்கிழமையைக் கேளுங்கள்.