பாடகரின் தொண்டைக்கு முன்னால் உங்கள் ஆம்பைக் கவனியுங்கள்

கேள்வி: நாங்கள் சென்னையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ராக் பேண்ட். நான் கிடார் வாசிக்கிறேன். சென்ற முறை பெங்களூரு, புணே, மும்பை என்று மூன்று இரவு தொடர்ந்து வாசித்தோம். மூன்றாம் நாள் பாடகருக்குக் குரலே எழும்பவில்லை. ஐஸ் தண்ணீர், ஏசி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டைதான் மிச்சம். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் என் காதில் ஙொய் என்று இரைச்சல். அடுத்த மாதம் ஷில்லாங்கையும் சேர்த்து 9 நாளில் 5 நிகழ்ச்சி. இன்னொரு பாடகரைச் சேர்த்துக்கொள்ளலாமா?
– ஒரு கிடாரிஸ்ட், சென்னை

பதில்: இன்னொரு பாடகர் வந்தாலும் மூன்றாம் நாள் அவர் தொண்டையும் கட்டும். உங்கள் பாடகரின் குரல் போனதும் உங்கள் காது இரைந்ததும் அனேகமாக ஒரே இடத்தில் தொடங்கியவை: மேடைக்குள்ளே சத்தம் அளவுக்கு மீறிப்போகிறது.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பாடகருக்குத் தன் குரல் கேட்காவிட்டால், எவ்வளவு பயிற்சி பெற்றவராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார். ஒரு மணி நேரம் அப்படிக் கத்தினால் குரல்நாண்கள் வீங்கும். மறுநாள் அதே வீக்கத்தோடு இன்னும் அழுத்திப் பாடுவார். மூன்றாம் நாள் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

எனவே முதலில் உங்கள் ஆம்ப், அதாவது கிடார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி. 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் பாயும். ஆம்பைத் தரையில் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அது உங்கள் முழங்காலைத்தான் தாக்கும். காதுக்கு மங்கலாகக் கேட்கிறதே என்று நீங்கள் வால்யூமையும் ட்ரெபிளையும் (கூர்மையான மேல் ஒலி) ஏற்றுவீர்கள். முன்வரிசை ரசிகருக்கும் பாடகரின் மைக்குக்கும் அது கத்தி போல வந்து இறங்கும். ஆம்பை நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது பின்னால் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். பாடகரின் முதுகை நோக்கி வைக்காதீர்கள். இதைச் செய்தாலே வால்யூமைக் கணிசமாகக் குறைக்கலாம். கூட்டத்துக்குப் போக வேண்டிய சத்தத்தை ஆம்புக்கு முன்னால் இருக்கும் மைக் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது மானிட்டர், அதாவது வாசிப்பவருக்கே ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர். மேடைத் தரையில் சாய்வாக வைக்கும் மானிட்டருக்கு வெட்ஜ் என்று பெயர். சவுண்ட் செக்கை எல்லோரும் டிரம்ஸில்தான் தொடங்குவார்கள். நீங்கள் பாடகரின் குரலில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்க் கீச்சிடுவது) வராமல் அவர் குரலை வெட்ஜில் எவ்வளவு ஏற்ற முடியும் என்று முதலில் பார்த்துவிட்டால், அந்த மேடையின் எல்லை அதுதான். டிரம்ஸும் கிடாரும் அதற்குள் அடங்க வேண்டும். வெட்ஜில் குரலைத் தவிர வேறெதையும் கொட்டாதீர்கள். வேண்டுமானால் சுருதிக்குக் கொஞ்சம் கிடார் போதும்.

வெட்ஜை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. மேடைகளில் பாடகர்கள் பிடிக்கும் ஷ்யூர் எஸ்எம் 58 மைக் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்க ஒலியை அதிகமாக எடுப்பது. அதன் வால் பக்கம், அதாவது கேபிள் செருகும் பக்கம், வரும் ஒலியைத்தான் அது மிகக் குறைவாக எடுக்கும். எனவே வெட்ஜ் பாடகருக்கு நேர் எதிரே, மைக்கின் வாலைப் பார்த்து இருக்கட்டும். அதே நிறுவனத்தின் பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு, இன்னும் குறுகலாக எடுக்கும் வகை. அதற்கு நேர் பின்னால் வைத்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு வெட்ஜை இருபுறமும் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். இடம் மாறினால் கீச்சென்று ஃபீட்பேக் வரும், இன்ஜினியர் குரலைக் குறைப்பார், பாடகர் கத்துவார். மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். பார்க்க அழகாக இருந்தாலும் விட்டுவிடச் சொல்லுங்கள். வாய் 10 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்கு நெருங்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும்.

இப்போது உங்கள் காது. இரண்டு நாள் இரைந்ததை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது காயம். அமெரிக்காவின் நயாஷ் என்ற பணிநல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். சிறிய மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 சாதாரணம். 15 டெசிபல் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் போட்டால் 100 என்பது 85 ஆகும், ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தாராளமாக வாசிக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் பஞ்சுக் காதடைப்பான் ட்ரெபிளைத்தான் அதிகம் விழுங்கிவிடும், நீங்கள் மறுபடி வால்யூமை ஏற்றுவீர்கள். எல்லா ஸ்வரத்தையும் சமமாகக் குறைக்கும் வகையை வாங்கி, இரண்டு வாரம் ஒத்திகையில் போட்டுப் பழகுங்கள். முதன்முதலாக மேடையில் போட்டால் தடுமாறுவீர்கள். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டு ஒரே நாளில் திறக்காவிட்டால் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை ஓரிரு நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பாடகர் மேடையை விட்டு இறங்கிய பிறகும் ஆபத்து தீரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் பப்பில் ரசிகர்களோடு ஒரு மணி நேரம் கத்திப் பேசுவது, நிகழ்ச்சியைப் போலவே குரலைக் கெடுக்கும். கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. இரவு 1 மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு உடனே பர்த்தில் படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறிக் குரல்நாணை எரிக்கும். நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வயிறாரச் சாப்பிடட்டும், பிறகு இட்லியோ தயிர்சாதமோ போதும். மென்தால் மிட்டாய் வலியை மறைக்குமே தவிர வீக்கத்தைக் குறைக்காது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்தால் அந்த இரவே நிறுத்திவிட வேண்டும். குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். நீங்கள் சொன்ன ஐஸ் தண்ணீருக்கு இதில் பெரிய பங்கில்லை.

பயணத் திட்டத்தையும் மாற்றுங்கள். இரண்டு இரவு வாசித்தால் ஒரு நாள் ஓய்வு. ரயிலில் இரவெல்லாம் வந்து இறங்கிய அன்றே வாசிக்கும்படி ஒப்புக்கொள்ளாதீர்கள். பெங்களூரிலிருந்து புணே 800 கி.மீ.க்கு மேல். மும்பையிலிருந்து குவாஹாட்டிக்கு விமானம், அங்கிருந்து ஷில்லாங் மலைப்பாதையில் 100 கி.மீ. போல. அந்த நாளைப் பயணத்துக்கென்றே விட்டுவிடுங்கள். விமானத்தில் காற்று வறண்டிருக்கும், பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டே வரட்டும். ஷில்லாங் 1,500 மீட்டர் உயரம், குளிரும். கிடார் பெட்டியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு எடுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக: ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். டிரம்மர் ஸ்னேர், சிம்பல், கிக் பெடலை மட்டும் தூக்கிவரட்டும், மீதியை அரங்கத்திடம் கேளுங்கள். பவர்பேங்கும் லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும்.

பாடுவதற்கு முன் மல்டிமீட்டரால் கிடார் கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே ஏசி வோல்ட்டைப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று பொருள், உதட்டில் ஷாக் அடிக்கும். ஆம்பும் மிக்ஸரும் ஒரே டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். ஹம் சத்தம் போக எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. யார் சொன்னாலும் அதற்கு இணங்காதீர்கள், உயிரே போகும்.

கடைசியாக ஒன்று, தயங்காமல் செய்யுங்கள். கிடார் கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்து, எல்லாப் பாட்டையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். பாடகரின் உச்சத்தில் அந்த அரை ஸ்வரம் பெரிய ஆறுதல். கம்பி தளர்ந்து போகும், எனவே 10–46 கனக் கம்பிகளுக்குப் பதில் சற்றுத் தடித்த, 11ல் தொடங்கும் செட் போடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றினால் கழுத்து புதிய இழுவிசைக்கு நிலைப்பட நேரம் கிடைக்கும், பிறகு இன்டோனேஷனை, அதாவது கழுத்தின் எல்லா இடத்திலும் ஸ்வரம் சரியாக வருகிறதா என்பதைச் சரிபாருங்கள். பாஸ் கிடாருக்கும் இதே வேலை உண்டு என்று அதை வாசிப்பவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.