ஒரே பகலில் ஹம்பி: தனி வழிகாட்டி வைக்கலாமா?

விடுமுறை நெருங்கினால் ஹம்பி பற்றிக் கேட்டுக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: கையில் இருப்பது ஒரு பகல், தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் தேறுமா? சரி, இந்த இதழில் பக்கம் முழுக்க ஹம்பிக்கே.

கேள்வி: பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ராத்திரி ரயிலில் ஹோஸ்பேட் இறங்கி, பகல் முழுக்க ஹம்பி பார்த்துவிட்டு அன்று இரவே திரும்புவதாகத் திட்டம். நாலு பேர். வழிகாட்டிக்கு என்று தனியாகப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? போனில் படித்துக்கொண்டே நடந்தால் போதாதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கொடுங்கள். கோயில்களை மட்டும் பார்ப்பதாக இருந்தால் போனே போதும் என்று சொல்லியிருப்பேன். விருபாட்சர் கோயிலுக்குள் நுழைந்தால் கோபுரம், மண்டபம், சந்நிதி என்று நமக்குப் பழகின அமைப்புதான், பூஜையும் நடக்கிறது, யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

சிக்கல் அரண்மனைப் பகுதியில். விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இருந்தது இங்கேதான். அதன் அரண்மனைகளுக்கு அடித்தளம்தான் கல், மேலே எழுந்ததில் பெரும்பகுதி மரம். 1565 ஜனவரியில் தக்காண சுல்தான்களோடு நடந்த தலைக்கோட்டைப் போரில், ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயர் தலை போனது, அவர் தம்பி திருமலர் கிடைத்த செல்வத்தை எடுத்துக்கொண்டு ஆந்திரப் பக்கத்துப் பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார், காவலில்லாத நகரம் சூறையாடப்பட்டு எரிந்தது. மரம் போய்விட்டது. இன்றைக்கு அங்கே போய் நின்றால் வெயிலில் காயும் கல்மேடைகள்தான் கண்ணுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் கூட வந்தவர்கள் "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுவார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதே மேடையில் தூண் நின்ற இடம் எது, படி ஏறிய பக்கம் எது, தண்ணீர் எந்தக் கல்வாய்க்கால் வழியாக வந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, ஊர் மெதுவாக எழுந்து நிற்கும்.

அங்கே இருக்கும் படிக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் தோண்டி எடுத்தது, கறுப்புக் கல், படிப்படியாக இறங்கும் அமைப்பு அத்தனை கச்சிதம், எல்லோரும் மேலே நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கற்களில் சின்னச் சின்னக் குறிகள் வெட்டியிருக்கின்றன, எந்தத் திசை, எத்தனையாவது வரிசை, எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல் என்று கொத்தனாருக்குச் சொல்லும் குறிகள். அதைக் காட்டாத வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் தண்டம்.

இன்னொன்று, உலகப் பாரம்பரியச் சின்னமாக 1986-ல் அறிவித்த பகுதி மட்டும் நாற்பது சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் சிறிதும் பெரிதுமாக 1,600 இடிபாடுகள். ஒரு பகலில் இதில் எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் கேள்வி, அதற்குத்தான் ஆள் வேண்டும். முழு நாளுக்கு மனசு வரவில்லையென்றால் அரை நாளுக்கு அமர்த்தி, அதை அரண்மனைப் பகுதிக்கு வைத்துக்கொண்டு கோயில்களை நீங்களே பாருங்கள். தப்பில்லை.

கேள்வி: எந்த வரிசையில் பார்த்தால் அலைச்சல் குறையும்? வழிகாட்டி சொல்கிற வரிசையிலேயே போய்விடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். சில பேர் மதியச் சாப்பாட்டை எங்கே முடிக்க வேண்டும் என்பதை வைத்து வரிசை போடுவார்கள்.

என்னைக் கேட்டால் காலையில் முதலில் விருபாட்சர். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே ரங்க மண்டபம் கிருஷ்ணதேவராயர் 1510-ல் கட்டியது, விதானத்து ஓவியங்களுக்காகக் கொஞ்சம் அண்ணாந்து நில்லுங்கள். பின்பக்கத்து இருட்டறை ஒன்றில் ராஜகோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழும், ஊசித்துளை கேமராவின் தத்துவம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெளியே வந்ததும் பக்கத்துப் பாறைச்சரிவுதான் ஹேமகூடம். அங்கே இருக்கும் சிறு கோயில்களில் சில விஜயநகரம் உருவாவதற்கு முன்னாலேயே இருந்தவை.

அப்புறம் கிருஷ்ணர் கோயில். பலர் வண்டியிலிருந்து இறங்காமலே தாண்டிவிடும் இடம் இது, எனக்கோ ஹம்பியிலேயே மிகப் பிடித்தது. ஒடிசாவின் கஜபதி அரசரிடமிருந்து உதயகிரிக் கோட்டையைப் பிடித்தபோது கிருஷ்ணதேவராயர் அங்கிருந்து ஒரு பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்தார், அதற்காகவே எழுப்பிய கோயில். கிழக்குக் கோபுரத்தின் சுதையில் படைவீரர்களும் குதிரைகளும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. கருவறை காலி. சிலை எங்கே என்கிறீர்களா? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். ஹம்பிக்குப் போகுமுன் எழும்பூரில் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் காலிக் கருவறை முன்னால் நிற்பதே வேறு மாதிரி இருக்கும். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் அந்தக் கோயிலின் கடைவீதி, புஷ்கரணி எல்லாம் கிடக்கின்றன.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லட்சுமி நரசிம்மர், ஒரே பாறையில் 1528-ல் செதுக்கியது, 6.7 மீட்டர் உயரம். மடியில் இருந்த லட்சுமி போய்விட்டாள், அவளுடைய கை மட்டும் நரசிம்மர் முதுகில் தெரியும், பின்பக்கமாக எட்டிப் பார்த்தால். பக்கத்திலேயே தண்ணீரில் நிற்கும் பெரிய சிவலிங்கம், படவிலிங்கம் என்பார்கள். கமலாபுரத்தில் சாப்பாடு, தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹம்பியின் மாதிரி அமைப்பை ஒரு கால்மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. பிறகு அரண்மனைப் பகுதி: மகாநவமி மேடை, படிக்குளம், ஹசார ராமர் கோயில், தாமரை மஹால், யானைக்கொட்டில். விட்டலர் கோயில் கடைசி, வெயில் சாய்ந்த பிறகு. முன்னே பின்னே ஆனால் அங்கே நுழைவுச்சீட்டுக் கவுண்டரை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தை மட்டும் வழிகாட்டியிடம் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாமரை மஹாலில் வாங்கிய சீட்டு அன்றைக்கே விட்டலர் கோயிலுக்கும் செல்லும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ரயிலடியிலேயே ஆட்டோக்காரர்கள் "நானே கைடு சார்" என்கிறார்களாம். நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் கர்நாடக சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையைக் கேளுங்கள். ஆட்டோக்காரர் நல்லவராக இருக்கலாம், வழி தெரிந்தவராகவும் இருக்கலாம், அவரை ஆட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி வேறு, வண்டி வேறு. பேசும்போதே எத்தனை மணி நேரம், வண்டி வாடகை அதில் சேர்த்தியா, விட்டலர் கோயிலுக்குப் போகும் பேட்டரி வண்டிக்குக் காசு யார் கொடுப்பது, இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். "கடைக்குக் கூட்டிப் போக வேண்டாம்" என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்.

அட்டை மட்டும் போதாது. போனில் பேசும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஒரு நாள்தான் இருக்கிறது, எதை விடலாம்?" எல்லாம் பார்த்துடலாம் சார் என்பவரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும், வயதானவர்கள் உண்டா, எத்தனை மணிக்கு ரயில் என்று திருப்பிக் கேட்பவர்தான் ஆள்.

கூடப் போன பிறகும் சில இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். விட்டலர் கோயில் கல்தேரைக் காட்டி "ஒரே கல்லில் செதுக்கியது" என்றால் மனுஷர் அதை உற்றுப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். பல கற்களை அடுக்கி, இணைப்பு தெரியாமல் சிற்பவேலையில் மறைத்தது அது, உள்ளே இருந்தது கருடன். முன்னால் நிற்கும் யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைத்தவை, அவற்றுக்குப் பின்னால் குதிரைகளின் கால்கள் மிச்சமிருப்பதைத் தேடிப் பாருங்கள். தேருக்கு மேலே செங்கல் விமானமும் இருந்தது, அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேயர் 1856-ல் எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது. அதே கோயிலில் இசைத்தூணை "தட்டிக் காட்டட்டுமா" என்று ரகசியமாகக் கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தட்டித் தட்டித்தான் தூண்கள் தேய்ந்தன, அதனால்தான் தடையே போட்டார்கள். அரசியர் குளியலறை, அந்தப்புரம் என்கிற பெயர்களெல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை, ராணிகள் அங்கே குளித்ததற்குச் சான்று இல்லை. இதைத் தானாகச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பாரா? அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாய்ப்பு உண்டு, அன்றைக்குக் காலையில் போய் நின்று தேடினால் கன்னடம், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு என்றுதான் அமையும். தமிழ் தெரிந்தவர் சரியாக அமையாவிட்டால் நல்ல ஆங்கில வழிகாட்டியை வைத்துக்கொண்டு நீங்களே அப்பாவுக்குச் சொல்லுங்கள். அரைகுறைத் தமிழில் மனப்பாடம் ஒப்பிப்பவரைவிட அது மேல்.

விழுப்புரத்துக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்துச் செஞ்சி நாயக்கர்கள், மதுரை, தஞ்சை நாயக்கர்கள் எல்லோரும் இந்த நகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள்தான். திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரத்தை ஆரம்பித்தவர் கிருஷ்ணதேவராயர். ஹம்பியில் விட்டலர் கோயிலுக்குப் பக்கத்தில் திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் இருக்கிறது, வழக்கமான சுற்றில் வராது, கேட்டால் கூட்டிப்போவார்கள். அப்பா அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

கேள்வி: மாமியாருக்கு முட்டி வலி. கூட்டிப்போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் என்றால் தாராளமாக. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், பாறை ஊர் அது, தோசைக்கல் மாதிரி சுடும். விருபாட்சர் கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். மதங்க மலை, மகாநவமி மேடையின் உச்சி இரண்டையும் அவருக்கு விட்டுவிடலாம். மேடையில் ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை, வேட்டை, நாட்டியம், குதிரை ஓட்டிவரும் வெளிநாட்டு வியாபாரிகள் என்று நல்ல சிற்பமெல்லாம் பக்கச் சுவரில் கீழேதான் இருக்கிறது. ஹசார ராமர் கோயிலில் ராமாயணம் முழுக்கச் சுவரில் வரிசையாக ஓடும், அங்கே அவரை நிழலில் உட்காரவைத்தால் வழிகாட்டிக்கே அவர் கதை சொல்ல ஆரம்பித்துவிடலாம்.

கேள்வி: பரிசலில் துங்கபத்திரையைத் தாண்டி ஆனெகுந்தி, அஞ்சனாத்ரி மலை. இதையும் அதே நாளில் சேர்க்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. அஞ்சனாத்ரிக்கு மட்டும் ஐந்நூறுக்கு மேல் படி. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறினால் பரிசலும் ஓடாது. இன்னொரு நாள் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழிகாட்டிக்குச் சாப்பாடு நாம் வாங்கித்தர வேண்டுமா? டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், ஈரோடு

பதில்: சாப்பாடு கட்டாயமில்லை, ஆனால் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள், ஹம்பியைப் பற்றி அவர் சொல்லாத கதையெல்லாம் இலையில் சோறு விழுந்த பிறகுதான் வரும். சைவச் சாப்பாடுதான் இருக்கும், கோயிலூர், பிரியாணி தேடாதீர்கள். டிப்ஸ் உங்கள் இஷ்டம். பேசிய தொகையைச் சில்லறை இழுக்காமல் கொடுத்து, அதற்குமேல் நூறோ இருநூறோ மனசுக்குத் தோன்றினால் கொடுங்கள். பேசிய பணத்தில் பேரம் பேசிக் குறைத்துவிட்டு டிப்ஸ் கொடுக்கிற நம் ஊர்ப் பழக்கம் மட்டும் வேண்டாம்.