கற்பனைச் சோடாவுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் குழு யூரியூபில் நடத்தும் நகைச்சுவைத் தொடரில் ஒரு சோடாக் கம்பனி வருகிறது. மருதானையில் தொழிற்சாலை, நான்கு சுவைகள், ஒரு விளம்பரப் பாட்டு, எல்லாம் நாங்களே உண்டாக்கியவை. அந்தக் கம்பனியின் பேரில் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினேன். இரண்டாம் நாளே நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்க வேண்டும் என்ற அறிவிப்புப் பெட்டி) போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் டஃப் பியருக்குக் கட்டுரை இருக்கிறது, அதுவும் கற்பனைதானே? இல்லாத கம்பனி என்பதால்தான் மறுக்கிறார்களா? என்ன செய்தால் கட்டுரை நிலைக்கும்?"

இல்லாத கம்பனி என்பதற்காக எந்தக் கட்டுரையும் நீக்கப்படுவதில்லை. கற்பக தரு எந்தத் தோட்டத்திலும் முளைத்ததில்லை (யாழ்ப்பாணத்தார் பனையை அப்படி அழைப்பது வேறு கதை). ஆனாலும் அதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தடையில்லை, ஏனென்றால் அதைப் பற்றிப் பிறர் எழுதிவைத்தவை ஏராளம். விக்கிப்பீடியர் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பொருளை உண்டாக்கியவர்களுக்கு வெளியே இருப்பவர்கள் எவராவது அதைப் பற்றி உருப்படியாக எழுதியிருக்கிறார்களா? இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் குறிப்பிடத்தக்கமை. உண்மைக் கம்பனிக்கும் இதே அளவுகோல்தான். மருதானையில் நிசமாகவே சோடா அடைத்து விற்பவர் பதிவுச் சான்றிதழும் வணிகக் குறியும் கையில் வைத்திருக்கலாம். எவரும் எழுதாதவரை அவருக்கும் கட்டுரை கிடையாது.

அளவுகோலில் மூன்று சொற்கள் முக்கியம்: கணிசமான, சார்பற்ற, நம்பகமான. பத்திரிகை விமர்சனமொன்றில் "சோடாக் கம்பனிக் காட்சிகள் சிரிக்க வைக்கின்றன" என்று ஒரு வரி வந்தால் அது கணிசமானது அல்ல. அந்தக் கம்பனியை எடுத்துக்கொண்டு, அது எதைக் கேலி செய்கிறது, ஏன் எடுபடுகிறது என்று இரண்டு பந்தியாவது அலசியிருக்க வேண்டும். உங்கள் குழுவினரின் பேட்டி எத்தனை பக்கமானாலும் சார்பற்றது ஆகாது, பேசுவது நீங்கள்தானே. நீங்கள் அனுப்பிய செய்திக்குறிப்பைப் பத்திரிகை அப்படியே போட்டிருந்தாலும் இதே நிலைதான். முதல் பந்தி சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் அனுபவமுள்ள தொகுப்பாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பார்வை எண்ணிக்கை, பகிர்வு, முகநூல் பின்னூட்டம் ஆகியவை கணக்கிலேயே வரா. இலட்சம் பேர் பார்த்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு பந்தி எழுதிப் பாருங்கள், இரண்டாவது வசனத்துக்குச் சரக்கு இராது.

எத்தனை மூலம் வேண்டும் என்றால், விதியில் எண் கிடையாது. நீக்கல் உரையாடல்களில் மூன்று நல்ல மூலங்களைக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். முப்பது சின்ன இணைப்புகளை அடுக்கினால் எவரும் திறந்து பார்ப்பதில்லை, சந்தேகந்தான் கூடும்.

இனி டஃப் பியர். சிம்ப்சன்ஸ் கேலிச்சித்திரத் தொடரில் வரும் மதுபானம் அது. அதன் கட்டுரை நிற்பது கதைநாயகன் ஹோமர் எத்தனை போத்தல் குடித்தான் என்பதால் அல்ல. அவுஸ்திரேலியாவில் ஒரு மதுபான நிறுவனம் அதே பெயரில் உண்மையான பியரை விற்கப்போக, தொடரின் அன்றைய உரிமையாளரான ஃபொக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தொடரோடு தொடர்பு இருப்பதாக நுகர்வோர் தவறாக எண்ணுவர் என்று 1996 இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பனைப் பொருளின் பெயரில் யாருக்கு உரிமை என்ற கேள்விக்குச் சட்ட மாணவர் இன்றும் எடுத்துப் பார்க்கும் வழக்கு இது. தீர்ப்பும் அதுபற்றிய சட்டக் கட்டுரைகளும் ஃபொக்ஸ் எழுதியவை அல்ல. கட்டுரையைத் தாங்குவது அந்தக் கால்கள்தான்.

மற்றவற்றையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் அகப்படும். கேலிச்சித்திரங்களில் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்குக்கு உதவாத இயந்திரங்களை விற்கும் அக்மி கம்பனி, தரக்குறைவான பொருளுக்கு ஆங்கிலப் பேச்சிலேயே ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. டண்டர் மிஃப்லின் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடதாசிக் கம்பனி. 2011 இல் அந்தப் பெயரில் உண்மையான கடதாசி சந்தைக்கு வந்து, வணிகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. 1994 இல் வெளியான ஒரு படத்தில் வந்த இறால் கம்பனியான பப்பா கம்ப், 1996 இல் கலிபோர்னியாவில் உணவகமாகவே திறந்துவிட்டது. அந்தக் கட்டுரை இப்போது ஓர் உண்மைக் கம்பனியைப் பற்றியது. ஓசியானிக் எயர்லைன்ஸ் இன்னொரு வகை. விபத்துக் காட்சியில் தன் பெயர் வருவதை எந்த விமான நிறுவனமும் விரும்பாது என்பதால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல படங்களும் தொடர்களும் அந்தப் பொய்ப் பெயரை எடுத்து ஆண்டன. அதைப் பற்றி எழுதினால் திரைத்துறையின் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதியதாகிறது. இந்த நான்கில் எதுவுமே கதைச் சுருக்கத்தை நம்பி நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "அதற்கு இருக்கிறதே, எனக்கு ஏன் இல்லை" என்ற வாதம் நீக்கல் உரையாடலில் எடுபடாது. அங்கே மற்றக் கட்டுரையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

இன்னொரு பொறி: தொடருக்குப் புகழ் வந்தால் அதில் வரும் கம்பனிக்கும் புகழ் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பது. ஒட்டாது. சிரித்திரன் நகைச்சுவைச் சஞ்சிகையின் ஆசிரியர் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரைப் பற்றித் தனியாக எழுதப் பொருள் உண்டு. அந்தச் சித்திரமொன்றின் ஓரத்தில் ஒரு கடைப் பெயர்ப்பலகை தெரிந்தால் அதற்கும் தனிக் கட்டுரை என்று கேட்க முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவே இந்தப் பாடத்தைப் படாதபாடு பட்டுத்தான் கற்றது. தொடக்க ஆண்டுகளில் போகிமொன் விளையாட்டில் வரும் கற்பனை உயிரிகள் நூற்றுக்கணக்கானவற்றுக்கும் ஆளுக்கொரு கட்டுரை இருந்தது. பிறகு பெரும்பாலானவை பட்டியல்களுக்குள் ஒன்றிணைக்கப்பட்டன, பிகாச்சு போன்ற சில தனித்து நின்றன.

உங்கள் நிலைமைக்கு வருவோம். நீக்கல் வார்ப்புருவை நீங்களாக எடுத்துவிடாதீர்கள், அது வழக்கைப் பாதி தோற்ற மாதிரி. கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போய், இதை உங்கள் பயனர் வெளிக்கு (உங்கள் கணக்கின் கீழ் வரைவு வைத்திருக்கும் இடம், மணல்தொட்டி என்பதும் அங்கேதான்) நகர்த்தித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மணல்தொட்டியில் இருக்கும் வரைக்கும் மூலம் தேட அவகாசம் கிடைக்கும். வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு நண்பர்களைக் கணக்குத் திறந்து ஆதரவு எழுதச் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். அங்கே தலையை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரே நாளில் முளைத்த பத்துக் கணக்குகள் கைப்பாவை (ஒருவரே பல பெயர்களில் இயக்கும் கணக்கு) என்ற சந்தேகத்தில் தடைக்குள்ளாகும்.

மூலம் தேடுவதில் கொழும்பில் இருப்பவருக்கு வசதி அதிகம். இணையத்தில் கிடைக்காத மூலமும் செல்லும் என்பதைப் பலர் அறிவதில்லை. பத்திரிகைப் பெயர், திகதி, பக்க எண், கட்டுரையாளர், தலைப்பு ஆகிய ஐந்தும் இருந்தால் அச்சுப் பிரதியே போதும். வீரகேசரி, தினகரன், தினக்குரல் ஆகியவற்றின் ஞாயிறு இதழ்களில்தான் நாடக, ஒளிபரப்பு விமர்சனங்கள் கூடுதலாக வரும். பழைய தொகுதிகளுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம், கொழும்புப் பொது நூலகம், வெள்ளவத்தையிலேயே இருக்கும் தமிழ்ச் சங்க நூலகம் என்ற வரிசையில் போகலாம். சஞ்சிகைகளுக்கு "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளம் (noolaham.org) நல்லது. ஆனால் அங்குள்ளவற்றில் பெரும்பகுதி படமாக வருடப்பட்ட பக்கங்கள், உள்ளே சொல் தேடினால் அகப்படாது. இதழின் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். பழைய இணையப் பக்கங்களில் வேறொரு சிக்கல்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஏற்றியவை ஒருங்குறித் (யூனிகோட்) தேடலில் வரவே வரா. தேடுபொறியில் ஒன்றும் இல்லை என்பதால் உலகத்திலேயே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிடைத்த இணைப்பு ஒவ்வொன்றையும் அன்றைக்கே இணைய ஆவணகத்தில் சேமியுங்கள். பத்திரிகைத் தளம் வடிவம் மாறினால் பழைய முகவரி செத்துப்போகும், மூலம் செத்த கட்டுரை மறுபடியும் நீக்கலுக்கு வரும்.

தேடிய பிறகும் கம்பனியைப் பற்றித் தனியாக ஒன்றும் அகப்படாமல், தொடரைப் பற்றி இரண்டு மூன்று விமர்சனங்கள் மட்டும் கிடைத்தால் (நடைமுறையில் அநேகமாக இதுதான் நடக்கும்) கட்டுரை தொடருக்குத்தான். கம்பனிக்கு அதற்குள் ஒரு பகுதி, நூறு நூற்றைம்பது சொல் போதும். பிறகு கம்பனியின் பெயரில் ஒரு வழிமாற்று (அந்தப் பெயரைத் தேடுபவரை வேறு பக்கத்துக்கு அனுப்பும் பக்கம்): #வழிமாற்று என்று எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் தொடரின் பெயர், ஒரு # குறி, பகுதித் தலைப்பு. தமிழில் இந்த இடத்தில்தான் அடிக்கடி கோளாறு வரும். "சோடா கம்பனி" என்று நீங்கள் வைத்த தலைப்பை, ஒற்று மிகும் என்று ஒருவர் "சோடாக் கம்பனி" ஆக்குவார். திருத்தம் சரிதான், ஆனால் வழிமாற்று பகுதிக்குப் போகாமல் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். தலைப்புக்கு அருகே <!-- இத்தலைப்புக்கு வழிமாற்று உண்டு --> என்று மறைகுறிப்பு ஒன்று போட்டுவைத்தால் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். நாம் கம்பனி என்பதைத் தமிழகத்தார் கம்பெனி என்றுதான் தேடுவர், அதற்கும் ஒரு வழிமாற்று வையுங்கள்.

எழுதும் முறையில் முதல் வசனமே உயிர்நாடி. "மருதானையைத் தளமாகக் கொண்ட சோடா நிறுவனம்" என்று தொடங்கினால் அது கற்பனைக் கட்டுரை அல்ல, புரளி. ஆங்கில விக்கிப்பீடியாவில் பிச்சோலிம் போர் என்று நடக்காத போரைப் பற்றிய கட்டுரையொன்று 2007 இலிருந்து 2012 வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்து, நல்ல கட்டுரை என்ற தகுதியும் வாங்கியிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு இந்த விடயத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. "இன்ன தொடரில் இடம்பெறும் ஒரு கற்பனைச் சோடாக் கம்பனி" என்று கற்பனை என்ற சொல்லை முதல் வசனத்திலேயே போடுங்கள். கதைக்குள் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்லுங்கள், தொடர் வெளியானதும் பத்திரிகை எழுதியதும் இறந்தகாலம். உண்மை நிறுவனங்களுக்கான தகவல்பெட்டியை எடுத்து நிறுவிய ஆண்டு, தலைமையகம், வருமானம் என்று நிரப்பாதீர்கள். "இலங்கை நிறுவனங்கள்" என்ற பகுப்பிலும் சேர்க்க வேண்டாம். இரண்டும் தேடுபொறிக்குப் போய், கடையொன்று திறந்திருப்பதுபோல் தெரியும். அதே பெயரில் உண்மையான கம்பனி உண்டா என்று கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் ஒருமுறை தேடுங்கள். இருந்தால், கட்டுரையின் தலையில் "இது அதுவல்ல" என்ற குறிப்பு கட்டாயம்.

நீங்கள் தொடரின் ஆள் என்பதை மறைக்க வேண்டாம். பயனர் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, மாற்றங்களைப் பேச்சுப் பக்கத்தில் முன்மொழியுங்கள், வேறொருவர் சேர்க்கட்டும். யாராவது பணம் வாங்கி எழுதினால் அதை வெளிப்படுத்துவது 2014 முதல் பயன்பாட்டு விதிமுறையிலேயே கட்டாயம்.

சோடாப் போத்தலில் ஒட்டும் வில்லையின் படத்தை ஏற்ற ஆசைப்படுவீர்கள். வரைந்தவரின் ஒப்புதலோடு பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் படக் களஞ்சியம்) கட்டற்ற உரிமத்தில் ஏற்றினால் பிறகு மீட்க முடியாது. யாரும் அதை ரீ-சேர்ட்டில் அச்சிட்டு விற்கலாம், நீங்கள் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான். அந்த வில்லையை வைத்துப் பின்னாளில் ஏதும் செய்யும் எண்ணம் இருந்தால் ஏற்றாமலே விடுங்கள்.

நான்கு சுவைகள், தொழிற்சாலை வரலாறு, பாட்டின் வரிகள் எல்லாம் எங்கே போகும்? ஃபேண்டம் போன்ற இரசிகர் விக்கித் தளங்களில் அவற்றுக்கு இடமுண்டு, அங்கே குறிப்பிடத்தக்கமை கேட்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை விக்கிப்பீடியாவில் மேற்கோளாகக் காட்ட முடியாது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் தரவுத்தளமான விக்கித்தரவிலும் முயலலாம். தொடருக்கு அங்கே உருப்படி (தனிப் பதிவு) இருந்தால், அதோடு இணைப்பதற்காகக் கம்பனிக்கும் ஓர் உருப்படி வைப்பது ஏற்கப்படலாம். பொருளின் வகையைச் சொல்லும் பி31 என்ற பண்பில் கற்பனை நிறுவனம் என்றும், பி1441 என்ற பண்பில் அது இடம்பெறும் தொடர் எது என்றும் கொடுத்தால் அடிப்படை முடிந்தது.

நாளைக்கு ஒரு விமர்சகர் ஞானம் போன்ற சஞ்சிகையில் உங்கள் சோடாக் கம்பனியையே எடுத்து நான்கு பக்கம் எழுதினார், இன்னோர் ஆய்வாளர் வேறெங்கோ எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வழிமாற்றை நீக்கக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, #வழிமாற்று வரியை அழித்துவிட்டு, அதன்மேலேயே கட்டுரையை எழுதலாம். பழைய தொகுப்பு வரலாறு அப்படியே இருக்கும். தொடர்க் கட்டுரையிலிருந்து எடுத்த பந்தி எதுவென்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள். எழுதியவர்களுக்கு உரிய பெயரைக் கொடுப்பது உரிம நிபந்தனை.