மாணவர்கள் எழுதும் வாதக் கட்டுரையை மேம்படுத்த ஆசிரியர் எப்படி உதவலாம்?

பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்தும் அடுத்த கட்டுரையில் அதே தப்புகள் திரும்ப வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். இருபது வருடம் ஆனவர்கள் இதைக் கேட்பதில்லை. திருத்தி, கையெழுத்துப் போட்டு, அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவள்தான்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றாயிற்று. இப்போது சனிக்கிழமைகளில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் வகுப்பு எடுக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நான்காம் படிவத்தில் (பதினாறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) ஒரு பையன் இருந்தான். மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு அவனைத் தயார் செய்தேன். ரப்பர் தோட்டங்களைச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாற்றியது சரியா என்பது தலைப்பு. சரிதான் என்று அவன் எழுதி வந்தான். ஒற்றுப்பிழையில் தொடங்கிய என் சிவப்புப் பேனா வாக்கியத்துக்குப் போய், பத்திகளையே மாற்றிப் போட்டது. தொடக்கத்தில் ஒரு பழமொழி, முடிவில் ஓர் உவமைத்தொடர், நடுவில் கொஞ்சம் வரலாறு. மூன்றாவது நகலில் அவனுடையது என்று மிஞ்சியது பெயரும் படிவமும்தான்.

பரிசு கிடைத்தது. மேடையில் நடுவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: “தம்பி, 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் கோலகங்சாரில் நிற்குதுன்னு எழுதியிருக்கியே, போய்ப் பார்த்திருக்கியா?” பக்கத்து ஊர்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அது டீச்சர் எழுதினது சார்.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அவனுடைய முதல் நகலைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பத்தியில் இப்படி இருந்தது: “மழை பேஞ்சா பாட்டி மரம் வெட்ட முடியாது. அன்னைக்குச் சம்பளம் இல்ல. அப்பா செம்பனையில குலை வெட்டுறாரு. மழை விட்டதும் போயிடுவாரு.” (மரம் வெட்டுவது என்றால் இங்கே பால் எடுக்கப் பட்டையைச் சீவுவது. தமிழ்நாட்டு நண்பர்கள் கோடாரியை நினைத்துவிட வேண்டாம். பட்டை ஈரமாக இருந்தால் பால், சீவிய கோட்டில் நிற்காமல் வழிந்தோடும், பால் பிடிக்கும் மங்கில், அதாவது கிண்ணத்தில், மழைத்தண்ணீர் சேர்ந்தால் பால் வீண்.) அந்த வரிகளுக்குக் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் நான் எழுதியிருந்தேன்: “பேச்சு வழக்கு. சொந்தக் கதை வேண்டாம்.”

கட்டுரையில் வாதம் என்று ஒன்று இருந்தது அந்த நான்கு வாக்கியத்தில்தான். அதைத்தான் அடித்திருக்கிறேன். ‘எழுத்துத் தமிழுக்கு மாற்று, மாதத்தில் எத்தனை நாள் மழையில் போகும் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வா’ என்று சொல்லியிருந்தால் போதும்.

சிவப்புப் பேனாவே பாவம் என்று நான் சொல்லவில்லை. பழமொழி இல்லாமல் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் புள்ளி வருமா என்று கேட்க யாராவது வருவார்கள். தாராளமாக வையுங்கள், கடைசியில் வையுங்கள். இப்போது நான் முதல் நகலில் பேனாவே வைப்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதைப் படித்துவிட்டு ‘முடியாது, போ’ என்று சொல்லப் போகிற ஆள் யார்? ‘சமுதாயம்’ என்று சொன்னால் விடமாட்டேன். உறவுமுறை சொல்லும் அளவுக்கு ஒரு மனிதர் வேண்டும். அப்புறம், ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரியில் அவர்களையே எழுதச் சொல்வேன். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் தாங்களே பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றை வெட்டிவிடுவார்கள். எழுத்துப்பிழை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதிலும் வாரத்துக்கு ஒரு வகை: இந்த வாரம் ‘ஐ’, ‘கு’ உருபுக்குப் பின் ஒற்று, அடுத்த வாரம் ர-ற. எல்லாவற்றையும் ஒரே நாளில் வட்டமிட்டுக் கொடுத்தால் பிள்ளை ஒன்றையும் பார்க்காது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். உண்மைதான். 2021-இல் ஆறாம் ஆண்டுப் பரீட்சையான யூ.பி.எஸ்.ஆர். போனது, 2022-இல் மூன்றாம் படிவத்துப் பரீட்சையான பி.டி.3 போனது. அதிலிருந்து, “பரீட்சையே இல்ல, எதுக்கு டீச்சர் ஒரே கட்டுரைய மூணு தடவை எழுதணும்?” என்று பெற்றோரே கேட்கிறார்கள். மண்டபத்துச் சாவி வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் செயலாளர் வீட்டுக்குப் போனால் சாவி பொருளாளரிடம் இருக்கும், பொருளாளர் ஈப்போவில் இருப்பார். கராவோக்கே விருந்துக்கு மட்டும் எப்படியோ கதவு திறந்துவிடுகிறது. இதை இங்கே எழுதுவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை, தெரியும். சரி, விடுங்கள்.

இந்த வருடம் இரண்டாம் படிவத்து மாணவி ஒருத்தி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதினாள். 150 பிள்ளைக்குக் குறைந்தால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. அவள் படித்த பள்ளியில் அதில் பாதிகூட இல்லை. முதல் நகல் முழுக்கத் ‘தமிழ் எங்கள் உயிர்’. யார் மாட்டேன் என்கிறார் என்று கேட்டேன். “சித்தப்பா. தம்பிய டவுன் பள்ளிக்கு மாத்திட்டாரு. இங்க வகுப்புல நாலு பேர்தானாம், போட்டியே இல்லையாம்.”

இரண்டாவது நகலில் இப்படி எழுதி வந்தாள்: “சித்தப்பா சொல்வது உண்மை. வகுப்பில் நான்கு பேர்தான். நான்கு பேர் என்பதால்தான் மூன்றாம் ஆண்டில் எனக்கு வாசிக்க வரவில்லை என்பதை ஆசிரியர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார். நாற்பது பேர் இருந்தால் நான் கடைசி வரிசையில் ஒளிந்திருப்பேன். டவுன் பள்ளிக்கு வேன் காசே மாதம் 120 வெள்ளி.” (வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்.)

ஒற்று இரண்டு இடத்தில் விட்டுப் போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவிடமே கொடுத்துப் படிக்கச் சொல் என்றேன்.

அவர் மனம் மாறவில்லை. தம்பி இன்னும் வேனில்தான் போகிறான். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது 120-ஐப் பென்சிலால் அடித்து, மேலே 150 என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியை மாற்றி மூன்றாவது நகலை இந்தச் சனிக்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், சாவி கிடைத்தால்.