ஓராண்டுத் தடை கலிஃபோர்னியாவில் செல்லுமா?

தொழில்முறை மல்யுத்த வீரரான நீங்கள், உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலுள்ள ஓராண்டுத் தடை செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்கு வேறெந்த நிறுவனத்திலும் மல்யுத்தம் செய்யக் கூடாது என்னும் அந்த விதி, நீங்கள் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து அங்கேயே களமிறங்குவதாகக் கூறியிருப்பதால், பொதுவாகச் செல்லாது. அம்மாநில வணிக, தொழில்சார் சட்டத்தின் 16600ஆம் பிரிவு இத்தகைய தடைகளை ஏற்பதில்லை. ஒப்பந்தம் வேறு மாநிலத்தில் கையெழுத்தாகியிருந்தாலும் அத்தடையை அமல்படுத்த இயலாது என்கிறது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம்.

இவ்விதியைப் பெரும்பாலும் பெரிய நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ., தான் விடுவிக்கும் முதன்மை வீரர்களுக்கு வழக்கமாக 90 நாள் தடை விதித்தாலும், அந்நாள்களுக்கு ஊதியம் தருகிறது. உங்களுக்கோ தடைக்காலத்தில் ஊதியமே இல்லை. இது அநீதி.

முதலில் ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியைப் பாருங்கள். காயத்தால் ஓய்விலிருந்த நாள்களைச் சேர்த்துக் காலத்தை நீட்டிக்கும் விதி இருந்தால், ஒப்பந்தம் இன்னும் முடியாமலிருக்கலாம். நடப்பிலுள்ள ஒப்பந்தத்தின் பிரத்யேக உரிமை, அதாவது அந்நிறுவனத்துக்கு மட்டுமே களமிறங்க வேண்டும் என்னும் விதி, பொதுவாகச் செல்லும்.

ஆயினும், வழக்குகளை விசாரிக்க வேறு மாநில நீதிமன்றத்தை ஒப்பந்தம் குறிப்பிட்டிருந்தால் நிறுவனம் அங்கே வழக்குத் தொடுக்கக்கூடும். மல்யுத்த வீரர் பிராக் லெஸ்னர் இத்தகைய தடையை எதிர்த்து டபிள்யூ.டபிள்யூ.இ. மீது 2005இல் தொடுத்த வழக்கு மறு ஆண்டு சமரசத்தில்தான் முடிந்தது. அடுத்த போட்டிக்கு ஒப்புக்கொள்ளுமுன், தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தை முழுமையாகக் காட்டுங்கள்.